படத்துக்கு ஒரு பொட்டு

எங்கள் வீட்டு ஹோலில் ஒரு பெண் நான்கு கிழமையாக, கிட்டத்தட்ட ஒரு மாதம், சுவரில் சாய்ந்து நின்றாள். பெண் என்று நான்தான் சொல்கிறேன். வந்து பார்த்தவர்களில் பாதிப் பேர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மாமா பனைமரம் என்றார். அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி வாசலில் நின்று ஒருதரம் பார்த்தார், தலையைச் சரித்து இன்னொருதரம் பார்த்தார், பிறகு, "முடிஞ்சோண்ண சொல்லுங்கோ, வடிவாப் பாக்கிறன்" என்றார். படம் எப்போதோ முடிந்துவிட்டது என்று அவருக்குச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அதைக் கீறியது என் சின்னம்மா, அம்மாவின் ஒரே தங்கச்சி. தொண்ணூறுகளின் தொடக்கம் அது, எனக்குப் பத்து வயது. புலம்பெயர்ந்து வந்த நாட்டில், வெஸ்ட்மீட் ஸ்டேசனிலிருந்து ஏழு நிமிட நடையில் இரண்டு அறை வாடகை யூனிட் ஒன்றில் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு இருந்தோம். அப்பா அம்மாவுக்கு ஓர் அறை. சின்னம்மாவுக்கும் எனக்கும் மற்ற அறை. அம்மாவின் தம்பியான மாமாவுக்கு ஹோலில் கிடந்த செட்டி, அந்த நீளச் சோபாதான் கட்டில். ஆகவே படத்தோடு ஒரே இடத்தில் படுத்து எழும்பியவர் மாமா ஒருவர்தான். "சின்னக்கா, கண்ணைத் திறந்தால் இவள் என்னை முழுசிப் பாக்கிறாள்" என்று முறைப்பாடு செய்வார். அந்தப் படத்தில் கண்ணே இல்லை. பிறகு எப்படி முழுசுகிறது? சின்னம்மா சிரிப்பார்.

சின்னம்மா யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் கணவரான சித்தப்பாவுக்கு அங்கே படிப்பிக்கிற வேலை. "இந்த வருசப் பிள்ளையளைச் சோதினைக்கு அனுப்பிப்போட்டு வாறன்" என்று மனுசியை முதலில் ஏற்றிவிட்டவர். சோதினை முடிந்தது. சண்டையில் பாதைகள் மூடிக்கொண்டன. மாதம் இரண்டு வந்த கடிதம் ஒன்றானது, பிறகு அதுவும் இல்லை. சின்னம்மா ஜன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருக்கத் தொடங்கியதும், அம்மாதான் ஆரிடமோ விசாரித்து, நாட்டுக்குப் புதிதாக வந்த பெண்களுக்காகப் பரமட்டாவில் நடந்த ஓவிய வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். புதன்கிழமை தோறும் வகுப்பு. படிப்பித்தது நரைத்த பின்னல் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண். முதல் இரண்டு மாதம் சின்னம்மா கீறிக்கொண்டு வந்த ஆப்பிள் ஆப்பிளாகவே இருந்தது, போத்தல் போத்தலாகவே இருந்தது. வீட்டில் ஒருவரும் குறை சொல்லவில்லை.

அந்த நாட்களில் வீட்டுப் பேச்செல்லாம் மாமாவின் கல்யாணம்தான். பெண் வீட்டார் ஸ்ட்ராத்ஃபீல்டில் இருந்தார்கள். நாள், நட்சத்திரம், சகுனம் என்று எதையும் விடாத ஆட்கள். அழைப்பிதழைக் கொடுக்க வந்தபோதுகூட எங்கள் வாசலில் கால் வைக்கும் முன் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சகோதரி தோழியாக நிற்கவேண்டும். தாலி கட்டும்போது பெண்ணின் கூந்தலை விலக்கிப் பிடிப்பது அவள் வேலை. தாத்தா பாட்டி ஊரில் மாட்டிக்கொண்டதால் அம்மாவுக்கு மாப்பிள்ளையின் தாயின் இடம், ஆகவே தோழி சின்னம்மா என்று முடிவாயிற்று. தோழி என்பவள் பூவும் பொட்டுமாக, கணவனோடு வாழ்கிறவளாக இருக்கவேண்டும் என்பதை ஒருவரும் வாயால் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

பொட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமைகளில் அம்மா குளித்து, துணி அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்த சாமிப் படங்களுக்கு விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, குங்குமச் சிமிழோடு வெளியே வருவார். தனக்கு, எனக்கு, கடைசியில் தங்கச்சிக்கு. சின்னம்மாவின் நெற்றியில் வைக்கும்போது மட்டும் விரல் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். "அவர் சுகமா வந்து சேரவேணும்" என்று ஒவ்வொரு வெள்ளியும் அம்மா சொல்வார். அந்தச் சிமிழை வேறு ஒருவரும் தொடக்கூடாது. நான் ஒருதரம் தொட்டு, கையெல்லாம் சிவப்பாக்கி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தபால்பெட்டிக்குள் நீல நிற ஏரோகிராம் ஒன்று கிடந்தது. மேலே சின்னம்மாவின் பெயர். எனக்குக் கால் தரையில் படவில்லை. மூன்று மாடியையும் ஒரே ஓட்டமாக ஏறிப் போய்க் கொடுத்தேன். கையெழுத்து சித்தப்பாவுடையது இல்லை என்று நான் கவனித்தேன்தான். சரி, கையில் காயமாக்கும், ஆரையோ பிடித்து எழுதுவித்திருக்கிறார் என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்தேன். எல்லாவற்றுக்கும் உடனே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுகிற பிள்ளை நான்.

சின்னம்மா அதை வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தார். வாசித்து மடித்தார். திரும்ப விரித்து வாசித்தார். பிறகு முழங்காலில் நின்று என்னை இழுத்து அணைத்தார். எலும்பு நோகும் அளவுக்கு இறுக்கம். "அக்காட்டை சொல்லாதை, குஞ்சு. நானே சொல்லுறன்" என்றார்.

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிய இரண்டு வருடம் எடுத்தது. உங்களை அவ்வளவு நாள் காக்கவைக்க எனக்கு விருப்பமில்லை. சித்தப்பா இறந்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட பொம்மர் வந்து குண்டு போட்டபோது, பிள்ளைகளைப் பங்கர்க் குழிக்குள் இறக்கிவிட்டுத் தான் இறங்க முதல் செத்துப்போனார். கடிதத்தை எழுதியது அவரோடு அதே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஒருவர். சித்தப்பாவை எரித்து நாற்பது நாளுக்குப் பிறகுதான் அந்த நீலக் காகிதம் எங்கள் தபால்பெட்டிக்கு வந்து சேர்ந்தது.

எனக்கு அன்று விளங்கியது வேறு. இரகசியம் என்றால் என் பள்ளிக்கூடத்தில் அது நல்ல விசயம்தான். பிறந்தநாள் விழாவை இரகசியமாக வைப்பார்கள், பரிசை இரகசியமாக வைப்பார்கள். ஆகவே சித்தப்பா வரப்போகிறார். கல்யாணத்துக்கு வந்து எல்லோரையும் திகைக்க வைக்கப்போகிறார். இதைவிட வேறென்ன?

கடிதம் வாசித்த கையோடு சின்னம்மா குளிக்கப் போனார். பின்னேரம் நான்கு மணிக்கு, உடுத்த உடுப்போடு, தலையில் தண்ணீர் வார்த்துக் குளித்தார். வெளியே வந்தபோது மயிரிலிருந்து கார்ப்பெட்டில் தண்ணீர் ஒழுகியது. நெற்றியில் ஒன்றும் இல்லை. அப்படியே கண்ணாடிக்கு முன்னால் கன நேரம் நின்றார். அம்மா பிஸ்கட் ஃபக்டரி வேலையால் வருகிற நேரம் நெருங்கியதும், மேசை லாச்சியைத் திறந்து ஒட்டுப் பொட்டொன்றை எடுத்து ஒட்டிக்கொண்டார். இழவு கேட்டால் குளிக்கவேண்டும் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியாது. வெயிலாக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த இரண்டு புதன்கிழமைகளில் கீறியதுதான் அந்தப் படம். தன் இடுப்பு உயரமான அதை ரயிலில் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து இறக்கினார். நீண்ட முகம். ஒரு பாதி செங்கல் நிறம், மறு பாதி சாம்பல். கண் இருக்கவேண்டிய இடத்தில் பெருவிரலால் இழுத்த இரண்டு தேய்ப்பு. வாய் என்று தூரிகையின் பின்பக்கத்தால் கிழித்த ஒரு கோடு. தலைமயிர் கறுப்பு, அதைத் தண்ணியாகக் கரைத்து மேலிருந்து ஊற்றி, படத்தின் அடிவரை ஒழுக விட்டிருந்தார். நெற்றியில் மட்டும் நிறமே இல்லை. துணி துணியாகவே வெள்ளையாகத் தெரிந்தது. நான்கு கிழமையில் பரமட்டாவில் மண்டபமொன்றில் வகுப்புக்காரர்களின் கண்காட்சி, அதுவரை படம் எங்கள் ஹோலில் நின்றது.

கல்யாண வீடு அல்லவா, வருகிறவர்களுக்குக் குறைவில்லை. வந்தவர்கள் எல்லோரும் படத்துக்கு ஒரு விளக்கம் சொல்லிவிட்டுத்தான் பலகாரத்தைத் தொட்டார்கள். பக்கத்து யூனிட் மலேசியா அன்ரி கையைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இது காளிதான் லா, முடியைப் பாருங்க" என்று ஒரு கும்பிடும் போட்டார். மாமாவின் சிநேகிதன் ஒருவன் படத்தைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்து இதுதான் சரியான பக்கம் என்று வாதாடினான். அம்மா வேலைக்கும் பிளவுஸ் தைக்கிற இடத்துக்கும் ஓடுகிற ஓட்டத்தில், "கழுத்தைப் பாத்தால் எங்கட அம்மா மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆரது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சின்னம்மா சொன்னது ஒரே பதில்.

"ஒருத்தி."

அதைச் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்ப்பார். ஒவ்வொருதரமும் பார்த்தார். நான் கண்டேன். கண்டு என்ன பயன்?

எனக்கும் ஒரு விளக்கம் இருந்தது. எங்கள் வகுப்பாசிரியை அந்தத் தவணை படங்களைக் கொண்டுவந்து காட்டி, "படத்துக்குச் சரி பிழை இல்லை, உனக்கு என்ன தெரிகிறதோ அதுதான் பொருள்" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பாடம் தேனாக இனித்தது. கணக்கில் பிழை விடுகிற நான் இதில் வகுப்பில் முதலாவது. செட்டியில் கால் மடக்கி இருந்து சின்னம்மாவின் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன். அவள் குளித்துவிட்டு வந்து நிற்கிறாள். மயிரில் தண்ணீர் ஒழுகுகிறது. இன்னும் பொட்டு வைக்கவில்லை. அவ்வளவுதான்! இத்தனை பெரிய ஆட்களுக்கு விளங்காதது எனக்கு விளங்கிவிட்டது என்று தலைகால் தெரியாத சந்தோசப் புளுகம். ஒன்று சொல்லவேண்டும், வீட்டில் வேறு எவரும் என் அளவுக்குக் கிட்ட வரவில்லை.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, வேலையால் வந்த அம்மா கைப்பையைக்கூடக் கழற்றாமல் படத்துக்கு முன்னால் நிற்பதைக் கண்டேன். குசினியில் பருப்பு அடிப்பிடித்து மணந்தது. அம்மாவுக்கு அது மணக்கவில்லை. நான் ஓடிப்போய் அடுப்பை நிறுத்தினேன். திரும்பி வந்தபோதும் அம்மா அப்படியே நின்றார், படத்தின் மேல்பக்கத்தை, நெற்றி இருக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டு. பிறகு அறைப் பக்கம் இரண்டடி வைத்தார். அறைக்குள் சின்னம்மா இருந்தார். அந்த நேரம் பார்த்து ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து பெண்ணின் தாய் தொலைபேசியில் கூப்பிட்டார், பூ மாலைக் கதை முக்கால் மணித்தியாலம் போயிற்று. அம்மா அன்று அறைக்குள் போகவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மாவும் சின்னம்மாவும் பிளவுஸ் அளவு பார்க்கப் போயிருந்தார்கள். அப்பா காலை வேலை முடித்து வந்து நல்ல நித்திரை. நான் கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, அலுமாரி மேல்தட்டிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தேன். என் பென்சில் நிறங்களால் வைத்திருக்கலாம். ஆனால் இது விளையாட்டுக்கு வைக்கிற பொட்டு இல்லையே. சித்தப்பா வரப்போகிறார். அவர் வந்து பார்க்கும்போது சின்னம்மா கீறிய பெண் வெறும் நெற்றியோடு நிற்கலாமா? கொஞ்சமாக எடுத்துக் குழைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, சரியாக நடுவில் வைத்தேன். வட்டம் வட்டமாகவே வந்தது. என் ஆயுளில் நான் அவ்வளவு கவனமாகச் செய்த வேலை வேறு இல்லை. காய்ந்ததும் படத்தைப் படுக்கை விரிப்பால் சுற்றி, நாளைக்குக் காரில் ஏற்ற ஆயத்தமாக வைத்தேன். அம்மா வந்து, "எங்கட பிள்ளைக்குப் பொறுப்பு வந்திட்டுது" என்று மெச்சினார்.

சனிக்கிழமை மண்டபத்தில் முப்பது படங்கள் தொங்கின. எங்கள் படத்தை மாமாவும் ஓவிய ஆசிரியையும் விரிப்பை உருவிக் கொழுவினார்கள். நாங்கள் போய் முன்னால் நின்றோம். அம்மா பட்டுச்சேலை கட்டியிருந்தார்.

சின்னம்மா படத்தைப் பார்த்தார். ஓரடி கிட்டப் போய் அந்த நெற்றியைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

அம்மாவின் முகம் மலர்ந்துபோயிருந்தது. இரண்டு நாளாக நெஞ்சில் ஏறியிருந்த கல் இறங்கிய முகம். தங்கச்சியின் தோளைத் தொட்டு, "இப்பதான் வடிவாயிருக்கு" என்றார்.

வெள்ளைக்கார ஆசிரியை புருவத்தைச் சுருக்கினார். அந்தச் சிவப்பு முதலில் இருக்கவில்லையே, அதற்கு என்ன பொருள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பு நான்தான்.

"எங்கட வழக்கம் எண்டு சொல்லு, குஞ்சு."

எங்கள் வழக்கம் என்று சொன்னேன். ஆசிரியை தலையாட்டினார். பொட்டு வைத்தது நான்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சிமிழை எடுத்ததற்கு அடி விழும். எல்லோரும் சந்தோசமாகத்தானே நிற்கிறார்கள், பிறகென்னத்துக்கு என்று விழுங்கிவிட்டேன்.

ஆறு கிழமையில் கல்யாணம் நடந்தது. சின்னம்மா தோழியாக நின்றார். சிவப்புச் சேலை, தலை நிறையப் பூ, நெற்றியில் அம்மா தன் கையால் வைத்த குங்குமம். மேளம் உரத்து அடிக்கும்போது பெண்ணின் கூந்தலை விலக்கிப் பிடித்தார், மாமா தாலி கட்டினார். சின்னம்மாவின் கை நடுங்கியதை வீடியோக்காரன் நன்றாகவே பிடித்திருந்தான். அந்த வீடியோக் கொப்பியைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் மாமா, "சின்னக்காவுக்கு என்னைவிடப் பதற்றம்" என்று பகிடி பண்ணுவார்.

படம் திரும்பி வந்ததும் அம்மா அதை ஹோலில், வாசலுக்கு நேரே கொழுவினார். சின்னம்மா அதற்குப் பிறகு வகுப்புக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டால் கை நோகுது என்பார். வெள்ளிக்கிழமைகளில் அம்மா சிமிழோடு வருவார், சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைக் கொடுப்பார். "அவர் சுகமா வந்து சேரவேணும்." அப்பா குடிவரவு ஃபோமை மேசையில் விரித்து சித்தப்பாவுக்காக நிரப்பினார். ஆங்கில எழுத்தில் நான் உதவி செய்தேன். சின்னம்மா கையெழுத்துப் போடும் இடத்தில் பேனையை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்ப்பார். அம்மா, "போடனடி" என்பார். போடுவார். இப்படி இரண்டு வருடம். நினைத்துப் பாருங்கள், இரண்டு வருடம்!

எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மெலிந்து கறுத்த ஒருவர் கோயிலில் எங்கள் விலாசம் விசாரித்து வந்தார். மகளோடு கொழும்பால் வந்து சேர்ந்து ஒரு மாதம்தானாம். சித்தப்பாவோடு படிப்பித்தவர் என்று சொன்னதும் அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே கூப்பிட்டார். அப்பா வேலையில் இருந்தார். சின்னம்மா அறையிலிருந்து வந்தார். வந்தவர் சின்னம்மாவின் நெற்றியைக் கண்டார். பிடித்த கதிரையை விட்டுவிட்டு நின்றார்.

"தங்கச்சி, என்ர கடிதம் உங்களுக்குக் கிடைக்கேல்லையே?"

"கிடைச்சது மாஸ்ரர்" என்றார் சின்னம்மா.

"என்ன கடிதம்?" என்றார் அம்மா.

அந்த மனிதர் அம்மாவையும் சின்னம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், அவர் ஆறுதல் சொல்ல வந்தவர். இருக்கிற சொற்களில் மெதுவானதைத் தேடி எடுத்து, நடந்ததைச் சொன்னார். அம்மா நிலத்தில் இருந்துவிட்டார். "ஐயோ, ஐயோ" என்று வாயில் சேலையை வைத்து அடைத்துக்கொண்டு, "ஏனடி எனக்குச் சொல்லேல்லை? இரண்டு வருசமா ஏனடி சொல்லேல்லை?" என்று கேட்டார்.

சின்னம்மா அழவில்லை. குரல்கூட உயரவில்லை.

"அக்கா, போதும். இந்த ஐயாவுக்கு முன்னால நடிக்கவேண்டாம். நான் உங்களுக்குச் சொன்னனான். வாயால சொல்ல ஏலாமல்தான் கீறினனான். கல்யாண வீடு, என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை. நெத்தியை வெறுமையா விட்டால் நீங்கள் பாத்துக் கேப்பீங்கள், உங்கட மடியில விழுந்து அழலாம் எண்டு நாலு கிழமை இருந்தனான். நீங்கள் கேக்கேல்லை. உங்கட குங்குமத்தைக் கொண்டுவந்து அதிலை வைச்சீங்கள். இப்பதான் வடிவு எண்டும் சொன்னீங்கள். கல்யாணம் முடிஞ்சோண்ண வாய் திறப்பீங்கள் எண்டு பாத்தன். அத்தான் ஃபோம் நிரப்பேக்கைகூட நீங்கள் பேசாமல் இருந்தனீங்கள், அவருக்கும் மறைச்சுப்போட்டீங்கள் எண்டு நினைச்சன்."

"நானா?" என்றார் அம்மா. "நானா வைச்சனான்? நீயெல்லோ..."

அந்த இடத்தில் அம்மாவின் பேச்சு நின்றது. நான் சுவரோடு நின்றேன், வந்தவருக்கென்று பிழிந்து சீனி போட்டுக் கரைத்த தேசிக்காய்த் தண்ணீரோடு. அம்மாவின் கண் என்னிடம் வந்தது. என் முகத்தில் அப்போது என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்தது. சின்னம்மா திரும்பிப் பார்க்கவில்லை, அவர் அம்மாவைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

அம்மா சேலையால் முகத்தைத் துடைத்தார்.

"ஓம்" என்றார். "நான்தான் வைச்சனான்."

"தெரிஞ்சுகொண்டோ?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டுதான் என்னைத் தோழியா நிப்பாட்டினீங்களோ?"

அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஓமென்று தலையை ஆட்டினார். சின்னம்மா தன் நெற்றியில் இருந்ததைப் புறங்கையால் ஒரே இழுவையில் துடைத்தார். வந்தவரிடம், "இருங்கோ மாஸ்ரர், அவர் கடைசியா என்ன சொன்னவர் எண்டு சொல்லுங்கோ" என்று கேட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் இருந்தார். கேட்டு முடித்தபிறகு குளிக்கப் போனார்.

அடுத்த மாதம் சின்னம்மா மெல்பேர்ணுக்குப் போனார். அங்கே முதியோர் இல்லமொன்றில் வேலை, தனி அறை. போகும்போது படத்தைக் கொண்டுபோகவில்லை. அம்மாவோடு அதற்குப் பிறகு ஒரு சொல் பேசவில்லை, பதினாறு வருடம், அம்மா சாகும்வரை. செத்தவீட்டுக்கு வந்து, கடைசி வரிசையில் இருந்து, என் கையை மட்டும் பிடித்துவிட்டுப் போனார். என்னோடுதான் பேசுவார். என் பிறந்தநாளுக்கு, தீபாவளிக்கு, சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் வளர்ந்தபிறகு அம்மாவிடம் எத்தனையோதரம் மன்றாடியிருக்கிறேன். "நீ வாயைத் திறந்தால் அவளுக்குப் பிறகு ஆர் இருக்கினம்?" என்பார். அந்தப் பருப்பு அடிப்பிடித்த நாளில் கேட்கவென்றுதான் அறைப்பக்கம் நடந்ததாகவும், பொட்டைக் கண்டபோது தங்கச்சிதான் வைத்திருக்கிறாள், அப்படியென்றால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று நினைத்து மனம் ஆறியதாகவும் அம்மா எனக்கு மட்டும் சொன்னார். சொல்லும்போது அழுதார். சின்னம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. கோழை என்று நீங்கள் நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்தை. வந்தவர் போய்விட்டார். அறைக் கதவு பூட்டியிருந்தது, உள்ளே சின்னம்மா. அம்மா குசினியில் நின்று, ஒருவரும் குடிக்காத தேசிக்காய்த் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றினார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அகப்பைக்காம்பு வரும், குறைந்தது கன்னத்தில் ஒன்று விழும் என்று தோளை உயர்த்திக்கொண்டு நின்றேன். அம்மா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"குங்குமத்தை என்னத்தில குழைச்சனி?"

"ஸ்கூலில ஒட்டுற கம்மில."

"அதுதான்" என்றார். "துடைச்சால் போகாது எண்டு நினைச்சனான்."

அவ்வளவுதான். ஏச்சு இல்லை, அடி இல்லை, ஏன் எடுத்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. பெரிய ஒரு கண்டத்திலிருந்து தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அம்மா கையில் ஈரத்தோடு அந்தத் தொட்டியடியிலேயே நின்றார். நான் கீழே இறங்கிப்போய், பக்கத்து யூனிட் பிள்ளைகளோடு இருட்டும்வரை சைக்கிள் ஓடினேன்.